ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் ஜனங்கள் ஏறுவார்களா?

கேள்வி இதுதான்: ஸ்டீயரிங்கைத் தானே திருப்பிக்கொண்டு ஓடும் பஸ்ஸை ஊருக்குள் விட்டால், சாதாரண ஜனங்கள் நம்பி ஏறுவார்களா, பயந்து ஒதுங்குவார்களா? இதுவரை விட்டுப் பார்த்த ஊர்களில் என்ன ஆயிற்று?

ஏறுகிறார்கள். நாம் நினைப்பதைவிடச் சுலபமாகவே ஏறுகிறார்கள். ஏறாமல் போன இடங்களைப் போய்ப் பார்த்தாலும், பயத்தைவிட "இந்த பஸ் எனக்கு எதற்கு?" என்ற கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது. பயம் இல்லவே இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, ஆனால் நாம் தேடுகிற இடத்தில் இல்லை. பஸ் எதிலாவது மோதிவிடுமோ என்பதைவிட, உள்ளே ஏதாவது நடந்தால் கேட்க ஆள் இல்லையே என்பதுதான் பயணிகளை உறுத்துகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரியும்.

முதலில் ஸ்காட்லாந்து. 2023 மே 15 அன்று ஏபி1 என்ற தடம் அங்கே தொடங்கியது. ஃபைஃப் பக்கம் ஃபெர்ரிடோலில் காரை நிறுத்திவிட்டு பஸ் ஏறும் ஒரு நிலையம் உண்டு. அங்கிருந்து ஃபோர்த் சாலைப் பாலத்தைக் கடந்து, எடின்பரோ பார்க் ரயில், டிராம் நிலையம் வரை 14 மைல். ஸ்டேஜ்கோச் நிறுவனம் ஓட்டியது. ஐந்து முழு அளவு பஸ்கள், மணிக்கு 50 மைல் வரை வேகம். அதுவரை உலகம் பார்த்தவற்றில் பெரும்பாலானவை மெதுவாக ஊர்ந்த சின்னப் பெட்டி வண்டிகள்தான். மற்ற வாகனங்களோடு கலந்து, பொதுச் சாலையில், கால அட்டவணை போட்டு ஓடிய முழு பஸ் இதுதான் முதல் என்று பெருமையாகச் சொன்னார்கள்.

ஓட்டுநர் இருக்கை காலியாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சட்டப்படி உரிமம் பெற்ற ஒருவர் அங்கே உட்கார்ந்திருந்தார், கையை ஸ்டீயரிங்கில் வைக்காமல். பயணிகள் பக்கம் இன்னொருவர். அவருக்கு 'கேப்டன்' என்று பெயர். டிக்கெட் வாங்க உதவுவது, கேள்வி கேட்டால் பதில் சொல்வது, ஏறி இறங்க ஒத்தாசை செய்வது அவர் வேலை. ஆக, ஓட்டுநர் இல்லாத பஸ்ஸில் இரண்டு பேர் சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்கள். சாதாரண பஸ்ஸில் ஒருவர்தான்.

வாரத்துக்கு 10,000 பயணங்கள் வரை ஏற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். 2025 பிப்ரவரியில் சேவையை நிறுத்திவிட்டார்கள். சொன்ன காரணம், போதுமான பயணிகள் வரவில்லை என்பது. விபத்தும் இல்லை, போராட்டமும் இல்லை. என் கணிப்பைச் சொல்கிறேன். திட்டத்தை அறிவித்தது 2018-ல். எடின்பரோ பார்க் சுற்றுவட்டாரம் முழுக்க அலுவலகங்கள். பஸ் ஓடத் தொடங்குவதற்குள் கொரோனா வந்து, பாதிப் பேர் வீட்டிலிருந்தே வேலை செய்யப் பழகிவிட்டார்கள். ஆபீஸுக்குப் போகிறவர்களுக்காகப் போட்ட தடத்தில் ஆபீஸுக்குப் போகிறவர்களே குறைந்தால், ஸ்டீயரிங்கை யார் திருப்பினால் என்ன?

சரி, கருத்துக்கணிப்புகளில் ஜனங்கள் பயப்படுகிறோம் என்றுதானே சொல்கிறார்கள்? சொல்கிறார்கள்தான். அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் ஆண்டுதோறும் கேட்கிறது. தானாக ஓடும் வாகனம் என்றால் பயம் என்றவர்கள் 2022-ல் 55 சதவீதம், 2023-ல் 68, 2025-ல் 61. ஆனால் அது காரைப் பற்றிய கேள்வி. பதில் சொன்னவர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படி ஒரு வண்டியில் கால் வைத்ததே இல்லாதவர்கள். ஏதாவது ஒரு விபத்து செய்தியில் அடிபட்டால் அடுத்த கணிப்பில் எண் ஏறுகிறது, செய்தி அடங்கினால் இறங்குகிறது. ஏறிப் பார்த்தவர்களிடம் கேட்ட ஆய்வுகளில் பதில் வேறு மாதிரி வருகிறது. கிரீஸில் டிரிகாலா என்ற சிறிய ஊரில் 2015, 16-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் 'சிட்டிமொபில்2' திட்டத்தில் தானியங்கி பஸ் விட்டபோது, திரும்ப ஏறும் ஆசையை மற்ற எல்லாவற்றையும்விடத் தீர்மானித்தது, அந்தப் பயணம் ஜாலியாக இருந்ததா என்பதுதான். குழந்தையை ராட்டினத்தில் ஏற்றுவது போலத்தான் முதல் நாள் கூட்டம் வருகிறது. பிரச்சினை முப்பதாவது நாள். ராட்டினத்தில் தினமும் யாரும் ஆபீஸ் போவதில்லையே.

பழகிவிட்டால் கவனிக்கக்கூட மாட்டார்கள் என்பதற்கு சிங்கப்பூர் ரயிலே சாட்சி. அங்கே வடகிழக்கு ரயில் தடம் 2003-ல் திறந்த நாளிலிருந்தே ஓட்டுநர் இல்லாமல் ஓடுகிறது. லிட்டில் இந்தியா நிலையம் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. அங்குள்ள தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கப் போன நம் ஆட்கள் இருபது வருஷமாக அதில்தான் போய் வருகிறார்கள். யாரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவதில்லை. ஆனால் ரயிலுக்குத் தனிப் பாதை, நடைமேடையில் கண்ணாடிக் கதவு, குறுக்கே யாரும் வர வழியில்லை. பஸ்ஸுக்கு அந்த வசதியைச் செய்து கொடுத்தால் அதுவும் சாதுவாகத்தான் ஓடும். நெதர்லாந்தில் ராட்டர்டாம் அருகே ரிவியம் என்ற இடத்தில் 1999-லேயே தனிப் பாதை போட்டு அப்படி ஒரு சேவையைத் தொடங்கிவிட்டார்கள். பஸ்ஸின் கஷ்டமெல்லாம் தெருவில் இறங்கும்போது ஆரம்பிக்கிறது.

இப்போது எனக்கு முக்கியமாகப் படுகிற இடம். பின்லாந்தில் ஹெல்சிங்கிக்குப் பக்கத்திலுள்ள வாண்டாவில் 2015 கோடையில் ஒரு வீட்டுவசதிக் கண்காட்சி நடந்தது. ரயில் நிலையத்திலிருந்து கண்காட்சி வாசல் வரை சுமார் ஒரு கிலோமீட்டருக்குச் சிறிய தானியங்கி பஸ்கள் ஓடின. கிட்டத்தட்ட 19,000 பேர் பயணம் செய்தார்கள். அவர்களில் கொஞ்சம் பேரிடம் ஓர் ஆய்வாளர் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டார். சாலைப் பாதுகாப்பு எப்படி? வண்டிக்குள் மற்றவர்களால் தொந்தரவு வராது என்ற நிம்மதி எப்படி? அவசரம் என்றால் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை எப்படி? முதல் கேள்விக்கு நல்ல மதிப்பெண். பின்னிரண்டுக்கும், சாதாரண பஸ்ஸைவிட மோசம் என்று சொன்னார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு நிம்மதி குறைவு.

இத்தனைக்கும் அது கண்காட்சிக்குப் போன கூட்டம், வெளிச்சமான கோடைக்காலம், ஒரு கிலோமீட்டர் தூரம். அதையே ராத்திரி பதினொரு மணிக்கு, பஸ்ஸில் நீங்களும் குடித்துவிட்டு உளறும் ஒருவரும் மட்டும் இருக்கிறீர்கள் என்று வைத்துப் பாருங்கள். கேமரா இருக்கும், சிவப்புப் பொத்தான் இருக்கும், அழுத்தினால் எங்கேயோ ஒரு கட்டுப்பாட்டு அறையில் ஒருவர் பேசுவார். அந்தக் குரலால் எழுந்து வந்து "யோவ், இறங்குய்யா கீழே" என்று சொல்ல முடியாது. ஓட்டுநர் செய்கிற வேலைகளில் ஓட்டுவது ஒன்று மட்டும்தான். ஓடி வருகிற கிழவிக்காகப் பத்து விநாடி நிறுத்துவது, சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் இறக்குவது, தப்பான பஸ்ஸில் ஏறியவருக்கு எந்த ஸ்டாப்பில் மாற வேண்டும் என்று சொல்வது, மயங்கி விழுந்தவரைப் பார்த்ததும் வண்டியை ஓரங்கட்டுவது, சில்லறை இல்லாத பள்ளிப் பையனைப் பார்க்காத மாதிரி விட்டுவிடுவது, இவையெல்லாம் வேலைப் பட்டியலில் ஒழுங்காக எழுதப்படாத வேலைகள். பொறியாளர்கள் எழுதியிருந்ததை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சின்ன விலகல். மேற்கு நாடுகளில் கண்டக்டர் எப்போதோ போய்விட்டார். லண்டனில் கண்டக்டரோடு ஓடிய பழைய ரூட்மாஸ்டர் பஸ்கள் வழக்கமான தடங்களிலிருந்து 2005 டிசம்பரில் விடைபெற்றன. அதனால் அங்கே ஓட்டுநர்தான் எல்லாமும். அவரையும் எடுத்தால் பஸ் அநாதையாகிவிடுகிறது. நம் ஊர் அரசுப் பேருந்தில் அதிகாரம் யாரிடம்? விசில் யாரிடம் இருக்கிறதோ அவரிடம். ஓட்டுநரை நாம் முதுகாகத்தான் பார்த்திருக்கிறோம். படிக்கட்டில் தொங்குகிறவனைத் திட்டி மேலே ஏற்றுவது, பெண்கள் பக்கம் உரசி நிற்பவனை நகர்த்துவது எல்லாம் கண்டக்டர்தான். அப்படிப் பார்த்தால் எடின்பரோவில் 'கேப்டன்' என்று ஆடம்பரமாகப் பெயர் வைத்து அவர்கள் திரும்பக் கொண்டுவந்தது கண்டக்டரைத்தான். பெயரைச் சொல்லவில்லை, அவ்வளவே. (சிங்கப்பூரில் பஸ் ஓட்டுநரையே அதிகாரபூர்வமாக 'பஸ் கேப்டன்' என்றுதான் அழைக்கிறார்கள். ஒரே பட்டம், இரண்டு ஊரில் இரண்டு வேலை.)

விபத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஜனங்களின் அபிப்பிராயம் அங்கேதான் உருவாகிறது. 2017 நவம்பர் 8, லாஸ் வேகஸ். நவ்யா என்ற பிரெஞ்சு நிறுவனத்தின் சிறிய பஸ் பொதுச் சாலையில் ஓடத் தொடங்கிய முதல் நாள். தொடங்கி இரண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. சந்துக்குள் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்த ஒரு லாரி மெதுவாக வந்து பஸ்ஸின் முன்பக்கத்தில் இடித்துவிட்டது. யாருக்கும் காயம் இல்லை. போலீஸ் அபராதம் போட்டது லாரி ஓட்டுநருக்கு. சட்டப்படி பஸ் மேல் தப்பே இல்லை. லாரியைப் பார்த்தது, நின்றது. நின்றுகொண்டே இருந்தது. பின்னால் இடம் காலியாகக் கிடந்தும் பின்வாங்கவில்லை. நம் ஊர் மினி பஸ் டிரைவராக இருந்தால் ஹாரனை அமுக்கி, ரிவர்ஸ் எடுத்து, லாரிக்காரரின் பரம்பரையையும் விசாரித்திருப்பார். உள்ளே ஓர் உதவியாளர் இருந்தார். ஆனால் வண்டியைக் கையால் ஓட்டும் கருவி ஒரு பெட்டிக்குள் இருந்தது, சட்டென்று எடுக்கும் இடத்தில் இல்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை லாரிக்காரரின் தவறோடு இதையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. விதியை மீறாமல் நடந்துகொண்டது வேறு, புத்தியோடு நடந்துகொண்டது வேறு என்று வாரியம் எழுதவில்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்து லாரி நெருங்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதை யாரும் எழுதிக் காட்ட வேண்டியதில்லை.

2020 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலம் கொலம்பஸில் நேர்மாறான சிக்கல். ஈஸிமைல் என்ற நிறுவனத்தின் தானியங்கி பஸ் ஒன்று திடீரென்று நின்றதில் ஒரு பெண் இருக்கையிலிருந்து தரையில் சரிந்து விழுந்தார். வண்டி ஓடிய வேகம் மணிக்கு ஏழு மைல்தான், சைக்கிள் வேகம். அதற்கே அமெரிக்காவில் பத்து மாநிலங்களில் அந்த நிறுவனத்தின் பஸ்களில் பயணிகளை ஏற்றுவதை நிறுத்தச் சொன்னார்கள். தானியங்கி வண்டிகளில் பயணிகளின் நிரந்தரப் புகாரே இந்த வெடுக் பிரேக்தான். காற்றில் பறக்கும் பாலித்தீன் பைக்கும் கல்லுக்கும் வித்தியாசம் தெரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று நின்றுவிடும். இளவட்டங்களுக்கு அது சிரிப்பு. கம்பியைப் பிடித்து நிற்கும் எழுபது வயதுக்காரருக்கு இடுப்பெலும்பு.

டோக்கியோ சம்பவம்தான் இருப்பதிலேயே சங்கடமானது. 2021 ஆகஸ்ட் 26, பாராலிம்பிக் வீரர்கள் தங்கிய கிராமம். டொயோட்டாவின் ஈ-பாலெட் என்ற தானியங்கி வண்டி, சாலையைக் கடந்த பார்வைக் குறைபாடுள்ள ஒரு ஜூடோ வீரர் மீது மோதியது. ஊர்ந்த வேகம்தான், ஆனாலும் அவரால் போட்டியில் கலந்துகொள்ள முடியவில்லை. டொயோட்டாவின் தலைவர் அகியோ டொயோடா மன்னிப்புக் கேட்டதோடு, சாதாரணச் சாலைகளில் இத்தகைய வண்டிகள் ஓடுவது இன்னும் நடைமுறைக்கு வரவில்லை என்பதை இது காட்டுகிறது என்று ஒப்புக்கொண்டார். வண்டியில் ஆட்கள் இருந்தார்கள், அதுதான் இதில் கவனிக்க வேண்டியது. இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று மனிதரும், மனிதர் பார்த்துக்கொள்வார் என்று இயந்திரமும் இருக்கும் அந்த அரைகுறை நிலைதான் எனக்கு முழுத் தானியங்கியைவிடக் கவலை தருகிறது.

இதுவரை சொன்னதெல்லாம் ஏதோ ஒரு வகையில் காட்சிப் பொருளாக ஓடிய பஸ்கள். காட்சிக்காக இல்லாமல் தேவைக்காக விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க சியோலுக்குப் போக வேண்டும்.

சியோலில் விடியற்காலை பஸ் என்பதற்கு ஓர் அரசியல் உண்டு. 2012-ல் நோ ஹோ-சான் என்ற இடதுசாரித் தலைவர் 6411 என்ற பஸ்ஸைப் பற்றிப் பேசிய உரை அந்த நாட்டில் பலருக்குத் தெரியும். அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்பும் அந்த பஸ் கொஞ்ச நேரத்தில் நிரம்பிவிடும். ஏறுகிறவர்கள் கங்னம் என்ற பணக்காரப் பகுதியின் கட்டடங்களைக் கூட்டித் துடைக்கப் போகும் ஐம்பது, அறுபது வயதுப் பெண்கள். ஆபீஸ்காரர்கள் வருவதற்குள் வேலையை முடித்துவிட்டு யார் கண்ணிலும் படாமல் திரும்புகிறவர்கள். 2023 ஜனவரியில் அப்போதைய பிரதமர் ஹான் டக்-சூ 146 என்ற விடியல் பஸ்ஸில் ஏறினார். முதல் பஸ்ஸைக் கொஞ்சம் முன்னால் விடுங்கள் என்று அந்தத் தொழிலாளர்கள் கேட்டார்கள். கால் மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அதற்கும் முன்னால் என்றால் வண்டி எடுக்க ஆள் வேண்டும். விடிகாலை மூன்றரைக்கு வேலைக்கு வர ஓட்டுநர் கிடைப்பது அங்கே சுலபமில்லை.

2024 நவம்பர் 26 அன்று ஏ160 என்ற தானியங்கி பஸ்ஸை அந்த இடத்தில் இறக்கினார்கள். டோபோங்சான் நிலையத்திலிருந்து மூன்றரை மணிக்குக் கிளம்பி, ஜோங்னோ, யோயிடோ வழியாக யோங்டுங்போ வரை 25 கிலோமீட்டருக்கு மேல். 160 என்ற வழக்கமான பஸ் போகும் பாதைதான், ஆனால் அதன் முதல் வண்டிக்கு அரை மணி முன்னால். தொடக்கத்தில் கட்டணம் இல்லை. பாதுகாப்புக்கு ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆள் உண்டு. சீட் பெல்ட் போட வேண்டும், நின்றுகொண்டு போகக் கூடாது. கொலம்பஸில் நடந்தது நினைவிருந்தால் காரணம் தெரியும். இருக்கை இருபதுக்குச் சொச்சம்தான். ஆக, அங்கே எழும் பிரச்சினை பயத்தைப் பற்றியதல்ல, இடம் கிடைக்குமா என்பது. நிறைந்துவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் நிற்பவர் ஏற முடியாது.

எடின்பரோவையும் சியோலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, ஜனங்கள் தொழில்நுட்பத்தை ஏற்றார்களா, மறுத்தார்களா என்று கேட்பதே தப்பான கேள்வியோ என்று தோன்றுகிறது. மூன்றரை மணிக்குக் குளிரில் நிற்கும் துப்புரவுத் தொழிலாளிக்கு பஸ்ஸை யார் ஓட்டுகிறார் என்பது எத்தனையாவது கவலை? இன்னொன்றும் இருக்கிறது. அந்த நேரத்தில் தினமும் ஏறுவது கிட்டத்தட்ட அதே முகங்களாகத்தான் இருக்கும். வண்டிக்குள் தொந்தரவு வருமோ என்று வாண்டா பெண்களுக்கு இருந்த கவலைக்கு, ஒருவரையொருவர் தெரிந்த அந்தக் கூட்டமே பாதி மருந்து என்பது என் ஊகம்.

கடைசியாக வேலை. கேள்வியில் இது இல்லை, ஆனால் நம் பக்கத்தில் இதை விட்டுவிட்டுப் பேச முடியாது. தானாக ஓடும் வாகனங்களை இந்தியாவில் அனுமதிக்க மாட்டேன் என்று நிதின் கட்கரி 2017-லும் சொன்னார், 2023-லும் சொன்னார். காரணம், ஓட்டுநர்கள் வேலை இழப்பார்கள். பாதுகாப்பைவிட இந்த வாதம்தான் இங்கே எடுபடுகிறது, அது நியாயமும்கூட. ஓட்டுநர் வேலைக்கு ஆள் வரிசையில் நிற்கிற நாட்டில் ஓட்டுநரில்லாத பஸ் யாருக்கு எந்தக் குறையைத் தீர்க்கிறது?

ஜப்பானில் அதே கேள்வி தலைகீழாக நிற்கிறது. ஒசாகா பக்கம் டொண்டபயாஷியில் கொங்கோ என்ற தனியார் பஸ் நிறுவனம் 2023 டிசம்பர் 20-ம் தேதியோடு தன் தடங்கள் அத்தனையையும் நிறுத்திவிட்டது. வருமானமும் குறைந்திருந்தது, ஓட்ட ஆளும் கிடைக்கவில்லை. அதே ஜப்பானில், இபராக்கி மாநிலத்தில் சகாய் என்ற சின்ன ஊர் இருக்கிறது. மக்கள்தொகை 24,000 அளவு, ரயில் நிலையமே கிடையாது. அங்கே 2020 நவம்பரில் நவ்யா பஸ்களோடு தானியங்கி சேவை தொடங்கியது, மணிக்கு இருபது கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில். லாஸ் வேகஸில் லாரிக்கு முன்னால் சிலையாக நின்றதே, அதே நிறுவனத்தின் வண்டிதான். பின்னால் வரும் கார்க்காரர்களுக்கு அது இடைஞ்சல்தான். ஆனால் கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட பெரியவர்களுக்கு ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் போக அந்த வேகம் போதும்.